பங்கு

பௌரிங் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர்
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப்
பக்கத்தில் நின்ற மாணவியிடம் சொன்னார்: பங்கு.
கன்னடத்தில் மங்குக்கு அதுதான் பேர்.
எனக்கோ, யாரோ எதையோ
பிரித்துக் கொடுப்பதுபோல் கேட்டது.

கருத்தடை மாத்திரை? நான்கு வருஷம்.
பிள்ளை? ஒன்று.
அவள் வயிற்றில் இருந்தபோதுதான்
உளுந்தளவில் முதலில் வந்தது.
பிறந்ததும் போய்விடும் என்றார்கள்.
பிறந்தவள் இப்போது மூன்றாம் வகுப்பு.
முகத்துக்கு என்ன போட்டாய்?
பொம்மனஹள்ளி பார்லரில் தந்த க்ரீம்,
பேர் ஒட்டாத டப்பா.
நாற்பது நாள் கல்யாணப்பெண் மாதிரி இருந்தேன்.
நிறுத்தினேன்.
கருப்பு வட்டியோடு திரும்பியது.

மாமியார் இதை மங்கு சனி என்கிறார்.
அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

வலது கன்னத்தில் மட்டும் ஏன் இத்தனை அடர்த்தி
என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்:
காலையில் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஏர்போர்ட், வடக்கே.
ஸ்டியரிங் வலப்பக்கம், கிழக்கும் வலப்பக்கம்.
சாயங்காலம் தெற்கே திரும்பினால்
மேற்கு வந்து அதே ஜன்னலில் உட்கார்ந்துகொள்கிறது.
பின்சீட்டுக்காரர்களுக்குக் கண்ணாடியில் தெரிவது
என் இடது கன்னம்.
அவர்கள் தரும் ஐந்து நட்சத்திரமும் அதற்குத்தான்.

டாக்டர் சிரித்தார். சன்ஸ்க்ரீன் எழுதினார்,
மூன்று மணிக்கொரு தரம்.
அறுநூற்று நாற்பது ரூபாய்.
ஒரு சவாரியில்
கம்பெனி பங்கு, டீசல் பங்கு, வண்டி ட்யூ போக
என் பங்கு அவ்வளவு வராது.

மறுநாள் ஹெப்பாளில் சிவப்பு விழுந்தது.
கார் ஜன்னலுக்கு ஒட்டும் கருப்பு வலை,
ஜோடி இருநூறு. கண்ணாடியைத் தட்டினாள்.
முன்னால் ஒட்டினால் போலீஸ் பிடிப்பான் என்றேன்.
பின்னால் ஒட்டு, சவாரிக்காரங்களுக்கு, என்று குனிந்தாள்.

இரண்டு கன்னம். நெற்றி. மூக்குத்தண்டு.
மேலுதட்டில் மீசை அரும்பியதுபோல்.
எந்தத் திசையும் மிச்சம் வைக்கவில்லை அவளிடம்.

நூற்றைம்பது? என்றேன்.
பச்சை விழுந்தது.
கையிலிருந்த நூறை வாங்கிக்கொண்டு
வலையை மடியில் எறிந்தாள்.
மீதி நாளைக்குக் கொடு, உன்னை அடையாளம் தெரியும்.
எதை வைத்து என்று நான் கேட்கவில்லை.

சைடு மிரரில் அவள் சின்னதாகிக்கொண்டிருந்தாள்,
விற்காத நிழலையெல்லாம் அக்குளில் இடுக்கி,
வெறும் உள்ளங்கையை நெற்றிக்கு வைத்து.