ஏழு செக்கன்

லோறன்ஸ் கிழக்கு பஸ், காலை ஐந்தே கால்.
ஸ்காபரோ முழுக்க உப்புக் கொட்டிய பனிச்சேறு.
தீப்பெட்டி அளவு பிளேயர்
பாட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கும்,
சுருதி மட்டும் இறங்காது.

சனிக்கிழமை கலியாணம். பேஸ் கிற்றார் நான்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
அந்த ஏழு செக்கன்
மூன்று கிழமையாய்க் கைக்குள் நிற்கவில்லை.
தொடக்கத்தில் ஓர் அமுக்கு, முடிவில் ஓர் அமுக்கு.
செக்குமாடாய்ச் சுற்றுகிறது.
கோட்டுக் கையில் நாலு தந்தி இருப்பதாய்
விரல் ஓட்டுகிறேன்.
பக்கத்து சீற்றுக்காரி
சொறி என்று நினைத்திருப்பாள்,
எழும்பிப் போய்விட்டாள்.

மிட்லண்ட் தாண்ட, நாற்பது வீதத்தில்
கேட்டுவிட்டது.
வாசித்தவர் பிழை விட்டிருக்கிறார்!
விரல் ஒரு ஃபிரெட் கீழே விழுந்து
வழுக்கி
உரிய இடத்துக்கு ஓடி வந்திருக்கிறது.
நான் வித்தை என்று கும்பிட்டது
அந்த ஓட்டத்தைத்தான்.

டிரம்ஸ் நிரோஜனுக்கு எழுதத் தொடங்கினேன்:
"அந்த இடத்தை நேராகவே வாசிப்பம்."
அனுப்பவில்லை. நேராய் வாசித்துப் பார்த்தேன்,
கோட்டுக் கையிலேயே
சப்பென்று இருந்தது.

அறுபது. எழுபத்தைந்து.
தொண்ணூறு வீதத்தில் இன்னும்
ஒழுங்காய்ப் பிழை விட வரவில்லை.