ஸ்

கடியபட்டணத்தில் ஆண்களின் பெயர்
பாதிக்குமேல் ஸ் என்றுதான் முடியும்.
கிளீட்டஸ், ததேயுஸ், அம்புரோஸ், இன்னாசியஸ்.
திருவிழா வரிப்பாக்கி வாசிக்கையில்
குருசடிக் கம்பத்துக் குழாய் இரண்டும்
ஒவ்வொரு பெயரின் வாலிலும்
தகரத்தில் ஆணி இழுக்கும்.

"சவத்த ஒண்ணு பைய பேச வையும்" என்றாள்
எதிர்வீட்டு வியாகுலம்.
பெற்றுப் பதினோரு நாள்.
பிள்ளை ஒவ்வொரு ஸ்ஸுக்கும்
கைவிரித்துத் துள்ளுகிறது.

இறக்கிக் கருங்கலுக்குக் கொண்டுவந்தேன்.
எழுபத்தெட்டில் வாங்கிய அலுமினியம்,
சுண்டினால் அடங்காமல் முனகும்.
குலசேகரத்து ரப்பர்பால் முதுகில் மூன்று பூச்சு,
பூச்சு ஒன்று காய ஒரு பகல்.
இப்போது சுண்டினால்
இளநீரைத் தட்டிய ஒலி.
தொண்டையில் பீர்க்கங்கூடு ஒரு விரற்கடை.
வலை பின்னும் நூல் தீர்ந்த உருளையில்
தாமிரக்கம்பி நூற்றிருபது சுற்று.
நூற்றிருபத்தொன்றாகவும் இருக்கலாம்,
நடுவில் போன் வந்தது.

ஏற்றி மாட்டியதும் உபதேசியார் வாசித்தார்.
கிளீட்டஸ் கிளீட்டஷ் ஆனான்.
ததேயுஸ் போர்வைக்குள்ளிருந்து வந்தான்.
பிள்ளை தூங்கியது.
"இப்பம் கொள்ளாம்."
நானூறு ரூபாய் கூடுதலாகவே வாங்கினேன்.

ஆடியில் ஒருநாள் கச்சான் இறங்கியது.
உபதேசியார் வள்ளம் வள்ளமாய்
பெயர் சொல்லி, திரும்பச் சொல்லி,
தொண்டை கட்டி,
பிறகு அவர் மகள் சொன்னாள்.
எல்லாரும் வந்தார்கள்.
அம்புரோஸ் கடைசியில், இருட்டியபின்,
எஞ்சின் நனைந்து.

கூப்பிட்டது கேட்டதா என்றேன்.
சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:
"முன்னயும் பேரு கேக்காது.
அந்த ஸ் மட்டும் கேக்கும்.
அலைக்கு மேலால ஊசி மாதிரி வரும்.
அதப் புடிச்சுத்தான் கரை இந்தப் பக்கமுண்ணு
திரும்புவோம்.
இண்ணைக்கு எவனோ தலையணைக்குள்ள
பேசிட்டிருந்தான்."
திட்டவில்லை.
திட்டியிருந்தால் இரவு தூங்கியிருப்பேன்.

விடிந்ததும் கம்பத்தில் ஏறினேன்.
ரப்பர், வெயிலில் வெந்த தோல்போல்
கீற்றுக் கீற்றாய் உரிந்து வந்தது.
பீர்க்கங்கூட்டில் ஒரு எறும்புக் குடும்பம்.
சுருளைச் சட்டைப்பையில் போட்டேன்.

கீழே வியாகுலம்,
பிள்ளை தோளில், அண்ணாந்து:
"ரெண்டையுமா கழத்துதீரு?"
"ஒண்ண."
"எத?"
ஸ்குரூ டிரைவரால் கடலைக் காட்டினேன்.

பிள்ளையின் காதை
ஒரு கையால் பொத்திக்கொண்டாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அவள் கணவன் பெயர் அலோசியஸ்.