இருபத்திரண்டாயிரம்

செக்காலை ரோடு லேப், இரவு பதினொன்றேகால்.
கல்லலிலிருந்து வந்த உமையாள், ஒன்பது வயது.
டெங்கு. தட்டணு இருபத்திரண்டாயிரம்.
ஊசி ஏறும்போது அழவில்லை, கேட்டாள்:
"டிவியில அதுகளுக்குக் கண்ணு மூக்கெல்லாம் இருக்கே,
அந்தக் குழல்ல பாத்தாத் தெரியுமா?"

தெரியாது, ஆத்தா.
சிவப்பணு தன் உட்கருவை
மஜ்ஜையிலேயே உதறிவிட்டு வருகிறது.
சுமக்க இடம் வேண்டுமே.
நூற்றிருபது நாள் ஓட்டம், அப்புறம் மண்ணீரல்.
வெள்ளணு வீரம் பேசாது;
கிருமியின் வாடை எந்தப் பக்கம் கனக்கிறதோ
அந்தப் பக்கம் வழியும், அவ்வளவுதான்.
தட்டணு முழுச் செல்கூட இல்லை,
ஒரு பெருஞ்செல்லின் ஓரம் பிய்ந்த துணுக்கு.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

மூன்றாம் நாள் இரவு
மெஷின் துப்பியது: இருபத்துமூவாயிரம்.
நம்பாமல் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டை இழுத்து
ஊதாச் சாயம் ஊற்றி, கழுவி, காயவிட்டு,
எண்ணெய் வைத்துக் குனிந்தேன்.
சிவப்புக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று,
நாலைந்து வட்டம் தள்ளி இன்னொன்று,
வழக்கத்தைவிடப் பெரிதாக,
ஓரம் ஒழுங்கில்லாமல்,
இப்போதுதான் பிய்ந்து வந்த தட்டணுக்கள்.
எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை.
மஜ்ஜை விழித்துவிட்டது.

வெளியே அவள் அப்பா நாச்சியப்பன்
பைக்கின் மேலேயே தூங்கிப்போயிருந்தார்.
எழுப்பப் போனவள், திரும்பி வந்து
இன்னொரு தடவை குனிந்தேன்.

கண் இல்லை. மூக்கும் இல்லை.
இருந்திருந்தால்
யார் ஜாடை என்று பார்த்திருப்பேன்.