மூன்றாம் கார்பன்

லண்டனிலிருந்து மருமகள் அனுப்பிய பத்திரிகைத் துண்டு.
'நாடகாசிரியர், ஓவியர்' என்று இரண்டு சொல்.
கீழே, 'சில காலம் சிலோனில்' என்று மூன்று சொல்.
அந்த மூன்றுக்குள்தான் நான் இருக்கிறேன்.

மிஸ் பென்ஹாலிகன்.
அந்தப் பெயர் என் வாயில் ஒருநாளும் முழுதாய் நிற்கவில்லை.
அவவும் அருளப்புவை அறுத்து
'மிஸ் ஆரா' ஆக்கினா.
சரிக்குச் சரி.

கோட்டை, யோர்க் வீதி மூலைக் கட்டிடம், நாலாம் மாடி.
பகலில் தேயிலைக் கொம்பனிக்கு லேபல் வரைவா:
யானை, கொழுந்து, ஒரே மாதிரிச் சிரிக்கிற பெண்கள்.
ஐந்தரைக்குப் பிறகு நாடகம்.
பென்சிலால் எழுதின தாள்களை என் மேசைக்குத் தள்ளுவா,
பக்கத்துக்கு இருபத்தைந்து சதம்.

நாடகத்தில் எல்லோரும் பேசினார்கள்.
கேணல் பேசினார், கேணலின் மனைவி பேசினா,
வராத ஒரு கடிதத்தைப் பற்றி இரண்டு பக்கம் பேசினார்கள்.
பட்லருக்கு மட்டும்
'தேநீருடன் வருகிறான். போகிறான்.'
இதை ஏழு தரம் தட்டினேன்.

ஆனால் தாளின் ஓரம் பூரா அவன்.
முதுகு. தட்டம் பிடித்த விரல்கள். காது மடலில் ஒரு தழும்பு.
தழும்பைக் கண்ட பிறகுதான் பிடிபட்டது:
எங்கள் லிஃப்ட்காரர்,
கொம்பனித்தெரு துவான் ஜுனைதீன்.
வரைகிற நேரம் தெரிந்த ஆள்
எழுதுகிற நேரம் மறந்துபோனார்.

எட்டாம் தரம், மூன்றாம் அங்கத்தில்,
என் விரல் நிற்கவில்லை.
'மேடம், மழை உள்ளே வருகிறது.'
இங்கிலீஷில் ஐந்து சொல்.
மூன்று கார்பனிலும் விழுந்தது.

கறுவாத்தோட்டத்து மண்டபம். மாசி மாதம், சொட்டு மழையில்லை.
முகத்தில் பழுப்புச் சாயம் பூசின வங்கி மனேஜர்தான் பட்லர்.
என் வசனத்தைச் சொன்னார்.
முன்வரிசைத் துரை ஒருவர்
நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.
கேணல் தன் அடுத்த வரியை மறந்துபோனார்.

அடுத்த நாள் மிஸ் ஒன்றும் கேட்கவில்லை.
லிஃப்டில் இறங்கும்போது மட்டும்
"மழை வருமா, மிஸ்டர் ஜுனைதீன்?" என்றா.
பெயர் சொன்னது அதுதான் முதல்தரம்.
அவர் கம்பிக்கதவை இழுத்துச் சாத்தினார்.
"தெரியாது மிஸ். நான் நாள் முழுக்க உள்ளுக்கல்லோ."

ஐம்பத்தெட்டில் காங்கேசன்துறைக்கு அகதிக் கப்பல் ஏறினேன்.
பையில் இரண்டு சேலை, செபமாலை, மூன்றாம் கார்பன்.
அதை ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ஐந்து மாதம் கழித்துத் திரும்பினால்
நாலாம் மாடியில் வேறு கொம்பனி.
என் பழைய லாச்சிக்குள் ஒரு தேயிலை லேபல்.
யானை இல்லை, கொழுந்து இல்லை.
டைப்ரைட்டர் மேல் இரண்டு கை,
ஒரு சுட்டுவிரல் தூக்கியபடி,
இன்னும் தட்டாத எழுத்துக்கு மேலே.

வெள்ளவத்தையில் இப்போது மழை.
பத்திரிகைத் துண்டை ஜன்னலோரம் வைத்துவிட்டேன்.
எழும்பி எடுக்க வேணும்.