றி தீர்ந்த இரவு

பத்து ரோட்டில், சைக்கிள் கடைக்குப் பின்கட்டில்
எங்கள் அச்சகம்.
வெற்றி என்று கோக்க
ஒரு கொம்பு, ஒரு வ, ஒரு ற், ஒரு றி வேண்டும்.
நாற்பத்துநாலு சித்திரையில்
பக்கத்துக்கு முப்பது வெற்றி.
றி கிடக்கும் குழியில் விரல் விட்டால்
வெறும் மரம் தட்டுப்பட்டது.

"சின்ன ரி போடு" என்றார் பரஞ்சோதி.
"எவன் பார்க்கப் போகிறான்?"
தணிக்கைக்கு வரும் ஜப்பான்காரனுக்குத்
தமிழ் ஒரு கறுப்பு மழை.
மொழிபெயர்க்கிறவனுக்கு அரைத் தூக்கம்.
விடிந்ததும், செந்தூல் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை
நாங்கள் இம்பாலில்
வெற்ரி கொண்டிருந்தோம்.

இருளப்பன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை.
செந்தூல் பட்டறையில் ரிவெட் அடித்தவன்,
முந்தின ஆண்டே ரயிலேறிவிட்டான்.
வழியனுப்பப் போன என் கட்டைவிரலைப் பிடித்து,
அதிலிருந்த மையைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டு
"இது போதும்" என்றான்.
காக்கிச் சட்டைகள். பாட்டு. கொடி.

எதிர் மேடையில் இன்னொரு ரயில்.
அதற்குப் பாட்டில்லை.
சயாமுக்கு, தண்டவாளம் போட,
பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்து ஆட்கள்
சட்டி பானையோடு குந்தியிருந்தார்கள்.
அந்த நோட்டீசையும் நான்தான் கோத்தேன்:
மூன்று மாதம். நல்ல சம்பளம். அரிசி உண்டு.
அதற்கு எழுத்துப் பஞ்சமே வரவில்லை.

ஈயத்தில் எல்லாம் தலைகீழ்.
பழகிய கண் திருப்பிப் போட்டுத்தான் வாசிக்கும்.
அந்தக் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது.
மொய்ராங்கில் வெற்றி. கொஹிமாவில் வெற்றி.
ஆடியில் தமு.
புரட்டாசியில் கலேவா.
மாசியில் ஐராவதிக் கரை,
பங்குனியில் போப்பா மலை,
மறு சித்திரையில் பெகு.
பள்ளிக்கூடம் வீசிய பர்மா படம் ஒன்றில்,
கரையான் தின்றது போக மிச்சத்தில்,
குண்டூசி குத்திக்கொண்டே வந்தேன்.
ஒவ்வொரு வெற்றியும்
முந்தினதைவிட
நம் வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

பரஞ்சோதியிடம் காட்டினேன்.
வாழைமர நோட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்
எண்ணுவதை நிறுத்தாமல்
"ஊசியைப் பிடுங்கு" என்றார்.
பிடுங்கினேன்.
இரவு, படத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
ஏழு பொட்டு வெளிச்சம்
தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனி மாதம் அவன் பெண்டாட்டி பேச்சாயி வந்தாள்.
எழுத்து தெரியாது.
மடித்த தாளை மேசையில் வைத்தாள்,
மரவள்ளிக் கறை அதில்.
"இதில போட்டிருக்கிற ஊரில
ஆறு உண்டா?"
நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்:
"அதுக்கு நீச்சல் வராது."

சிந்துவினை நினைத்தேன். ஐராவதியை நினைத்தேன்.
மழைக்காலத்தில் மறுகரை தெரியாதாம்.
"உண்டு" என்றேன்.
"நம்ம கொம்பாக் ஆறு மாதிரிதான்.
முழங்கால் நனையும்."
தாளைத் திரும்ப நாலாக மடித்தாள்.
நம்பினாளா, தெரியாது.
படியிறங்கும்போது சேலையை
முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்,
வெளியே சொட்டு மழையில்லை.

ஆவணி முடிவில் வெள்ளைக்காரன் திரும்பினான்.
நோட்டுக் கட்டுகளைப் பரஞ்சோதி
அடுப்பில் போட்டார்; நன்றாகவே எரிந்தது.
மதராசிலிருந்து வந்த கப்பலில்
புத்தம் புது றி, ஒரு டப்பா நிறைய.
மறுபடி வெற்றி கோத்தேன்.
இம்முறை அவர்களுடையது.
பிழையில்லாமல் வந்தது.

திரும்பியவர்கள் பட்டியல் தவணை தவணையாக வரும்.
இரண்டு பத்தி, பொடி எழுத்து.
அதில் இல்லாத பெயரை ஒரு நாள்
பகல் ஆள் போன பிறகு
தனியாகக் கோத்துப் பார்த்தேன்.
இ. ரு. ள. ப். ப. ன்.
ஆறு எழுத்து.
மை தடவவில்லை.
நூல் கட்டவில்லை.
உள்ளங்கையில் வைத்திருந்தால்
ஈயம்
மெல்லச் சூடாகிறது.