சொரசொரப்பின் நீளம்

ரோஷ் நுவார் கடலை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே
கரும்புக்கு நடுவே
அறுபது மீட்டர்க் கம்பம் ஒன்று நட்டிருக்கிறோம்.
அக்கினி மூலையிலிருந்து வருகிறது காற்று.
தென்றலும் இல்லை, கொண்டலும் இல்லை,
இரண்டுக்கும் இடையே
தமிழ் பேர்வைக்க மறந்த ஒன்று.
மொரீஷியஸில் பாதி ஆண்டுக்கு மேல் அதன் ஆட்சிதான்.

நாற்பதில் ஒரு கிண்ணம் சுற்றுகிறது,
அறுபதில் ஒன்று.
காற்றாலையின் மூக்கோ நூறு மீட்டரில்.
மீதி நாற்பது மீட்டரை
நாற்காலியில் உட்கார்ந்தபடி
நான் ஏற வேண்டும்.

ஏறுவதற்கு ஓர் எண் வேண்டும்.
கீழே வரவர மெலிந்து
காற்று பூஜ்யமாகிற இடம்
தரை அல்ல, தரைக்குக் கொஞ்சம் மேலே.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான்
சொரசொரப்பின் நீளம் என்று பெயர்.

வெட்டிய வயலில் மூன்று சென்டிமீட்டர்,
இரண்டு விரற்கடைக்குள்.
ஆள் மறையும் கரும்பில் முப்பது,
ஒன்றரைச் சாண்.
நூறு மீட்டரில் இந்த வித்தியாசம்
நூற்றுக்கு மூன்றுதான் என்பார்கள்.
வேகத்தில் மூன்று
மின்சாரத்தில் எட்டு.
எட்டு என்றால் போர்ட் லூயிஸில்
முசியே லாகெஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிற எண்.

என் வரைபடம் நவம்பரில் எடுத்த படம்.
அறுவடை முடிந்த மாதம்.
அந்த மொட்டை வயலையே ஆண்டு முழுவதுக்கும்
நம்பியிருந்தேன், எட்டு வாரம்.
மே மாதத் தரவில் கீழ்க்கிண்ணம் சோர்ந்தது.
பேரிங் போச்சு என்று தெசிரேயை ஏறச் சொன்னேன்.
ஏறினான். கழற்றினான். விரலால் தட்டிவிட்டான்.
"கிண்ணத்துக்கு ஒன்றுமில்லை, மதாம்,
கரும்பு வளர்ந்திருக்கு"
என்று கிரியோலில் கத்தினான் மேலிருந்து.
அவன் காலுக்கடியில் பச்சை
கடல்வரைக்கும் அசைந்துகொண்டிருந்தது.

இறங்கியபின் வயலைச் சுற்றி நடந்தோம்.
செயற்கைக்கோள் 'கட்டடம்' என்று குறித்த பதினொன்றும்
கட்டடம் இல்லை.
கற்குவியல்கள். கருங்கல்.
சில என் இரண்டு ஆள் உயரம், பக்கங்கள் நேராக,
பல்லி ஓடியது ஒன்றில்.
"யார் குடியிருக்கிறாங்க?" என்றான் தெசிரே.

ஒப்பந்தச் சீட்டோடு கப்பலில் வந்தவர்கள்
உழுவதற்கு முன் பொறுக்கிய கல்.
தோட்டத்துக் கணக்கில் அது ஒரு நாள் கூலி,
சில நாள் அதுவும் இல்லை.
என் கணக்கில் வேறு:
வயலின் சொரசொரப்பைக் கையால் பிடுங்கி
ஓரிடத்தில் அடுக்கியிருக்கிறார்கள்.
காற்று வழுக்கிப் போக
முதலில் இடம் செய்தவர்கள் அவர்கள்தான்.
அதை எழுத என் மென்பொருளில் கட்டமில்லை.
'கட்டடம்' பதினொன்றையும் அழித்து
'தடை, சிறியது' என்று மாற்றினேன்.
சரியா தெரியவில்லை.

வலைதோன் நிலத்துக்குச் சொந்தக்காரர்.
இருபது வருடத்துக்குக் கரும்பு நிற்குமா என்று கேட்டேன்.
"சர்க்கரை விலையைக் கேள்" என்றார்.
கொஞ்சம் யோசித்து,
"கடல்பக்கம் வில்லா கட்டப் பேச்சு நடக்குது,
சவுக்கு நடுவாங்க, நீச்சல் குளம்,
மிச்சத்தில் காடு மண்டும்" என்றார்.
வில்லாவுக்கு என்ன நீளம்,
காடாகப் போகிற கரும்புக்கு என்ன நீளம்,
ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன்.
அவர் முடிவெடுக்காததற்கு மட்டும்
அட்டவணையில் எண் இல்லை.

ஜூலையில் இயந்திரம் வந்தது.
திங்கட்கிழமை காலை கம்பத்தின் கிழக்கே தொடங்கி
வியாழனுக்குள் எல்லாம் தரை.
திரையில் இரண்டு கோடுகளும்
சண்டை தீர்ந்த அண்ணன் தம்பி மாதிரி
நெருங்கி வந்தன.
அலுவலகத்தில் யாரிடமும் காட்டவில்லை,
தனியே பார்த்துக்கொண்டிருந்தேன்,
தேநீர் ஆறும்வரை.

இரண்டு வரைபடம் அனுப்பினேன்,
நின்ற கரும்புக்கு ஒன்று, வெட்டியதற்கு ஒன்று.
முசியே லாகெஸ் நல்லவர், மறுநாளே பதில்:
ஒரே எண் போதும், தயவுசெய்து.

பத்து சென்டிமீட்டர் என்று போட்டேன்.
மூன்றுக்கும் முப்பதுக்கும் நடுவே
நியாயமான எண்.
கையெழுத்தும் போட்டேன்.
எந்த மாதத்திலும்
அந்த வயல் அப்படி இருந்ததில்லை.