தொண்ணூற்றாறு கிலோ

வால்பராய்சோவில் எங்கள் குன்றுக்கு
இருநூற்றுப் பதினேழு படி.
மலைரயில் பெட்டி ஆறு வருடமாய்ப் பாதி வழியில் நிற்கிறது,
புறாக்கள் அதில் குடும்பம் நடத்துகின்றன.

விடிவதற்கு முன்னால் ஐந்து மணிக்குக்
கேட்கும் அந்தக் காலடி.
மேலே. கீழே. மறுபடி மேலே.
முதுகில் மணல்மூட்டை கட்டிய யாஸ்னா,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.
யாருக்கு அழகு காட்ட, என்றது தெரு.
நானும்தான் சொன்னேன்.
ஜன்னலோரம் வேறென்ன வேலை,
ஒரு காலைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டு
நாலு வருடம் உட்கார்ந்திருப்பவனுக்கு?

ஏறும்போது அவள் உதடு அசையும்.
செபமாலை என்றாள் என் தங்கை.
இல்லை, வெறும் எண். காதால் கேட்டவன் நான்:
நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று.
அந்த நூற்று நாற்பத்தொன்றில் மட்டும் நிற்பாள்.
எர்மின்டாவின் வீடு அங்கேதான் இருந்தது,
காட்டுத்தீ குன்றேறி வந்த ராத்திரிவரை.
தூக்கப் பார்த்தாளாம்.
முடியவில்லையாம்.
அதற்குமேல் அவளும் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

சாம்பல் புதனன்று
நெற்றியில் கரிக்கோடு கலையாமல் என் கதவைத் தட்டினாள்.
“எவாரிஸ்தோ, உங்கள் எடை என்ன?”
இப்படியொரு கேள்வியோடு
எந்தப் பெண்ணும் என் வீட்டுக்கு வந்ததில்லை.
உருளைக்கிழங்குக் கடைத் தராசை இரவல் வாங்கி வந்திருந்தாள்.
தொண்ணூற்றாறு.
“என் மூட்டை அறுபதுதான். கிறிஸ்துமஸுக்குள் பார்க்கலாம்.”

“உன்னை இறக்க நாலு பேர் வேண்டும் என்கிறது மாநகராட்சி.
நாலு பேர் தூக்கும் நாள் எல்லோருக்கும் வரும்,
அதுவரை நான் பொறுத்துக்கொள்கிறேன்.”
அவள் சிரிக்கவில்லை.
“அது அப்புறம். எங்கே போகவேண்டும், அதைச் சொல்லுங்கள்.”

கோயிலுக்கு என்று எதிர்பார்த்திருப்பாள்.
என் விசுவாசம் துறைமுகத்தில்,
நான் ஓட்டிய கிரேனோடு துருப்பிடித்துக் கிடக்கிறது.
முடிவெட்டுகிறவனிடம், என்றேன்.
சரி, என்றாள்.

மூட்டைக்கு மணல் கூடிக்கொண்டே போனது.
மே மாத மழையில் ஒருநாள் வழுக்கி
முழங்கால் வீங்கி ஒன்பது நாள் வரவில்லை.
அந்த ஒன்பது நாள்
ஐந்து மணிக்கு விழித்துக் கிடந்தேன்,
படிகள் ஊமையாகிவிட்டன.

பத்தாம் நாள் காலடி கேட்டது, நொண்டலாக.
அன்றைக்குத்தான்
தட்டில் இரண்டாவது ரொட்டியை விட்டேன்.
தங்கை காய்ச்சலா என்றாள்.
பசியில்லை, என்றேன். பொய்.
யாரும் பார்க்காதபோது
ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்,
முதலில் ஆறு எண்ணும்வரை, பிறகு முப்பது.
துறைமுகத்தில் வேலை செய்தவனுக்குத் தெரியும்:
தொங்குகிற சுமைதான் கனம்.
பிடித்துக்கொள்கிற சுமை
தூக்குகிறவனுக்குப் பாதி.

டிசம்பர் வெயில். தீயணைப்புப் படையின் பழைய வார்.
அவள் முதுகில் என் மார்பு,
என் தாடையில் அவள் வியர்வை உப்பு.
தெரு முழுக்க ஜன்னல் திறந்தது.
அவளோடு நானும் எண்ணினேன், தலைகீழாக.
நூற்று நாற்பத்தொன்றில்
அவள் நிற்கவில்லை.

கோயில் வாசலில் நின்றாள்.
என்னைச் சுவரில் சாய்த்துவிட்டு
முழங்காலில் கைவைத்துக் குனிந்தாள்.
மூச்சு வாங்கினாளா, செபித்தாளா
எனக்குத் தெரியவில்லை.
அவளிடம் அவை இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.
உள்ளே யாரோ குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.
வைக்கோல் வாசனை எனக்குப் பிடிக்கும்,
அதைமட்டும் சொன்னேன்.

கண்ணாடியில் நாலு வருடத்துத் தலைமுடி
தரையில் விழுவதைப் பார்த்தோம்.
திரும்ப ஏறும்போது பதினோரு முறை இளைப்பாறினாள்.
மேலே வந்ததும் தராசை எடுத்தாள்.
எண்பத்தேழு.

என்னைப் பார்த்தாள்.
முடி வெட்டினேனே, என்றேன்.